பழைய மாணவர் விடுதி: புதுப்பிப்பதா, இடிப்பதா, எதை எதற்கு முன் செய்வது

பல்கலைக்கழக விடுதியில் கைவைப்பது மற்றக் கட்டட வேலைகளைவிடச் சிக்கலானது. அலுவலகத்தை மூடினால் ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை பார்ப்பார்கள். விடுதியின் ஒரு பிளாக்கை மூடினால், அங்கே இருந்த நூறு பேர் அன்றிரவு எங்கே படுப்பார்கள் என்பதற்குப் பதில் கையில் இருக்க வேண்டும். கல்வியாண்டு தொடங்கும் தேதியும் யாருக்காகவும் தள்ளிப்போகாது. ஆகவே படுக்கைக் கணக்கையும் நாட்காட்டியையும் முதலில் போடுங்கள். வரைபடத்துக்கு அப்புறம் வரலாம். இந்த வேலையில் நேரும் குழப்பங்களில் பாதி, வரிசை மாறியதால் வருபவை.

விடுதிக் குழுவிலோ பொறியியல் பிரிவிலோ புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கான வழிகாட்டி இது.

முதல் படி: படுக்கைக் கணக்கு

ஒவ்வொரு பிளாக்குக்கும் நான்கு எண்களை எழுதுங்கள்: மொத்தப் படுக்கைகள், இப்போது ஆள் இருப்பவை, ஒழுகலாலோ உடைசலாலோ பூட்டிக் கிடப்பவை, கழிவறைகள். பதிவேட்டை நம்பாமல் மாடி மாடியாக ஏறி எண்ண வேண்டும். ஸ்டோர் ரூமாகவும் ஜிம்மாகவும் மாறிப்போன அறைகள் பதிவேட்டில் இன்னும் படுக்கைகளாகவே இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. நான்கு பிளாக், ஒவ்வொன்றிலும் 100 படுக்கை. மொத்தம் 400, தங்கியிருப்பவர்கள் 380 பேர். ஒரு பிளாக்கை மூடினால் 300 இடம்தான் மிஞ்சும். 80 பேருக்கு வழி தேட வேண்டும். “இரண்டு பேர் அறையில் மூன்றாவது கட்டில் போட்டுவிடலாம்” என்று கூட்டத்தில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். தரைப்பரப்பு போதலாம். ஆனால் 380 பேரை மூன்று பிளாக்கில் அடைத்தால் பிளாக்குக்கு ஏறக்குறைய 127 பேர். அங்கே 12 கழிவறை இருந்தால், எட்டுப் பேருக்கு ஒன்று என்றிருந்தது பத்துப் பேருக்கு மேல் என்றாகிவிடும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 120 லிட்டர் என்று வைத்தாலும் கூடுதல் 27 பேருக்கு 3,000 லிட்டருக்கு மேல் தேவை. மாடித் தொட்டியின் கொள்ளளவு அப்படியே இருப்பதால் காலை எட்டு மணிக்குள் குழாயில் காற்றுதான் வரும். தீ விபத்தின்போது வெளியேற வேண்டிய கூட்டமும் அந்த அளவுக்குக் கூடும். மூன்றாவது கட்டிலை முடிவு செய்வதற்கு முன் கழிவறை, தண்ணீர், படிக்கட்டு ஆகிய மூன்றையும் சரிபாருங்கள்.

மற்ற வழிகள்: ஒரு சேர்க்கை ஆண்டுக்கு விடுதி இடத்தைக் குறைத்து அறிவிப்பது, வெளியே கட்டடம் வாடகைக்கு எடுப்பது, முதலில் புது பிளாக் ஒன்றைக் கட்டிவிட்டு அதை மாற்றிடமாக வைத்துக்கொண்டு பழையவற்றை ஒவ்வொன்றாகக் காலி செய்வது. கடைசி வழிக்கு நாள் பிடிக்கும். ஆனால் தலைவலி குறைவு. நிலம் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

இரண்டாம் படி: நாட்காட்டி

நீண்ட விடுமுறை பெரும்பாலும் 8 முதல் 12 வாரம். வண்ணம் பூசுவது, விளக்கு, சுவிட்ச் மாற்றுவது, கூரை ஒழுகலை அடைப்பது, ஒரு வரிசைக் கழிவறைகளைப் புதுப்பிப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். நான்கு மாடிக் கட்டடத்துக்கு வயரிங், குழாய், கதவு, தரை அனைத்தையும் மாற்றுவது அடங்காது. அதற்கு அந்த பிளாக்கை ஒரு கல்வியாண்டு முழுக்க மூட வேண்டும். “இரண்டு விடுமுறைகளில் பாதிப் பாதியாக முடித்துவிடலாம்” என்ற திட்டம் காகிதத்தில் மட்டுமே ஓடும். பாதி மாற்றிய குழாய்க்கும் பழைய குழாய்க்கும் நடுவே போடும் தற்காலிக இணைப்புகள்தான் அடுத்த எட்டு மாதமும் ஒழுகிக்கொண்டிருக்கும்.

தேதிகளைப் பின்னாலிருந்து போட்டு வாருங்கள். மாணவர் வரும் நாளுக்கு 3, 4 வாரம் முன்பே வேலை முடியும்படி வையுங்கள். குறைப்பட்டியலில் (முடிந்த வேலையில் மிச்சமுள்ள குறைகளின் பட்டியல்) உள்ளவற்றைச் சரிசெய்ய, தண்ணீர்த் தொட்டி கழுவ, கட்டில் போட, தீயணைப்புச் சோதனை நடத்த அந்த வாரங்கள் வேண்டும். மின்மாற்றி, லிஃப்ட், தீயணைப்பு பம்ப், தீத்தடுப்புக் கதவு போன்றவை ஆர்டர் கொடுத்துப் பல மாதம் கழித்தே வரும். அவற்றின் கொள்முதலை முதன்மை டெண்டருக்குக் காத்திராமல் தொடங்கலாம். தேர்வு வாரங்களையும் நாட்காட்டியில் சிவப்பில் குறியுங்கள். அந்த நாட்களில் பிரேக்கர் (கான்கிரீட் உடைக்கும் இயந்திரம்) ஓடக்கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தால்தான் ஒப்பந்ததாரர் அதற்கேற்ப விலை போடுவார். பிறகு வாய்மொழியாகக் கேட்டால் நாள் நீட்டிப்புக் கோரிக்கைதான் வரும்.

மூன்றாம் படி: கட்டடத்தைத் திறந்து பார்ப்பது

பழைய வரைபடத்தைத் தேடி எடுங்கள். கிடைத்தாலும் கட்டியபடிதான் வரைந்திருக்கிறார்கள் என்று நம்பாதீர்கள். முதலில் தெரிய வேண்டியது, சுமையைத் தாங்குவது எது என்பது. தூணும் பீமும் உள்ள கட்டடமா, செங்கல் சுவரே சுமை தாங்குகிறதா, தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்த பலகைகளை அடுக்கியதா? மூன்றாவது வகை என்றால் அதிகக் கவனம் தேவை. 1968இல் லண்டனின் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பில், 18ஆம் மாடிச் சமையலறையில் எரிவாயு வெடித்து ஒரு சுவர்ப் பலகை விலகியது. அதன் மேல் இருந்தவை ஆதரவின்றி விழுந்து, கீழிருந்தவற்றையும் இழுத்துக்கொண்டு, கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அத்தகைய கட்டடத்தில் சின்னக் கதவுக்காகக்கூடச் சுவரை வெட்டுமுன் கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கு வேண்டும்.

அடுத்து கான்கிரீட். சீலிங்கில் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிந்தால், துரு எத்தனை தூரம் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு முதல் ஆறு மடங்காகிறது. அந்த அழுத்தமே கான்கிரீட்டைப் பெயர்க்கிறது. கம்பியைக் காப்பது கான்கிரீட்டின் காரத்தன்மை. காற்றிலுள்ள கரியமில வாயு வெளியிலிருந்து மெல்ல உள்ளே நுழைந்து அதைக் கெடுத்துக்கொண்டே போகும். எவ்வளவு ஆழம் கெட்டிருக்கிறது என்று பார்க்க எளிய சோதனை உண்டு. உளியால் ஒரு மூலையை உடைத்து, தூசியை ஊதித் துடைத்து, உடனே பினாப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். காரம் உள்ள இடம் இளஞ்சிவப்பாகும். கெட்ட இடம் நிறம் மாறாது. நிறம் மாறாத பட்டை 25 மி.மீ. இருந்து, கம்பியின் மேல் மூடிய கான்கிரீட் 20 மி.மீ. மட்டுமே என்றால் அந்தக் கம்பிக்குக் காப்பு போய்விட்டது. இன்னும் துரு தெரியாவிட்டாலும் ஈரம் பட்டால் பிடிக்கும். தூசியைத் துடைக்காவிட்டால் உள்ளிருந்து வந்த காரத்தூள் வெளிப்பகுதியையும் சிவப்பாக்கி ஏமாற்றிவிடும்.

ரீபவுண்ட் சுத்தியலை (கான்கிரீட்டில் மோதித் திரும்பும் வேகத்தைக் கொண்டு வலிமையை மதிப்பிடும் கருவி) மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். மேற்பரப்பு கரியமில வாயுவால் இறுகிப்போன பழைய கான்கிரீட்டில் அது உள்ளதைவிட அதிக வலிமையைக் காட்டும். கான்கிரீட்டுக்குள் ஒலியலை செலுத்திப் பார்க்கும் மீயொலிச் சோதனையோடு சேர்த்து, சந்தேகமான இடங்களில் கோர் (துளையிட்டு எடுக்கும் உருளை மாதிரி) எடுத்து நசுக்கிப் பாருங்கள். எத்தனை இடம் என்று கேட்டால், ஒவ்வொரு மாடியிலும் கழிவறையின் அடிப்பக்கம், மொட்டைமாடி ஸ்லாப், தரைத்தளத் தூண்களின் அடி ஆகிய மூன்றையும் விடாதீர்கள். விடுதி முதலில் கெடுவது அங்கேதான். காய்ந்த நடு அறையில் எடுத்த கோர் எல்லாம் நன்றாகவே இருக்கும். அறிக்கையும் அழகாக வரும்.

நான்காம் படி: இடிப்பதா, வைப்பதா

புதுப்பிக்கும் செலவு புதிதாகக் கட்டும் செலவில் 60 சதவீதத்தைத் தாண்டினால் இடிப்பதை யோசி என்று ஒரு கைக்கணக்கு புழக்கத்தில் உண்டு. தொடக்கத்துக்கு அது போதும், அதோடு நின்றுவிடக்கூடாது. பணம் எவ்வளவு கொட்டினாலும் மாற்ற முடியாதவை சில உண்டு: மாடியின் உயரம், படிக்கட்டின் அகலமும் எண்ணிக்கையும், சுமை தாங்கும் சுவர்களின் இடைவெளி. தரையிலிருந்து ஸ்லாபின் அடிவரை 2.6 மீட்டர் என்றால், குழாயையும் வயரையும் மறைக்கப் பொய்க்கூரை போட்டதும் அறை அமுங்கிப்போகும். நீண்ட நடைக்கூடத்துக்கு ஒரே ஒரு படிக்கட்டு என்றால், வெளிப்புறத்தில் இன்னொன்று ஒட்டவைக்க இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மற்றக் கணக்கெல்லாம் வீண்.

எலும்புக்கூடு நன்றாக இருந்து, தோலும் நரம்பும் மட்டும் கெட்டிருந்தால் வைத்துக்கொள்வதே மேல். தூண், பீம், ஸ்லாபில்தான் சிமெண்டும் இரும்பும் அதிகம் போகிறது. அதை இடித்துக் குப்பையாக்கி மறுபடி வார்ப்பதில் நேரமும் பணமும் போகும், கரியமில வாயு உமிழ்வும் கூடும். ஆனால் புதுப்பிப்பு என்று முடிவு செய்தால் எதிர்பாராச் செலவுக்கு 10 முதல் 15 சதவீதம் ஒதுக்குங்கள். சுவரைத் திறக்காமல் போட்ட எஸ்டிமேட்டுக்கு அதுவும் போதாது.

ஐந்தாம் படி: நச்சுப்பொருள் கணக்கெடுப்பு

இது டெண்டருக்கு முன்பே முடிய வேண்டும். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்த சிமெண்ட் ஷீட், கழிவுக்குழாய், பழைய தரை ஓடும் அதன் பசையும், கொதிகலன் குழாய்ச் சுற்று, ஈயம் கலந்த வண்ணப்பூச்சு, பாதரசம் உள்ள குழல்விளக்குகள், குளிர்சாதனப் பெட்டியின் வாயு ஆகியவற்றைப் பட்டியலிடுங்கள். கண்ணால் பார்த்துக் கல்நார் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஷீட்டை உடைக்காமல், நனைத்து, ஆணியைக் கழற்றி முழுசாக இறக்கிப் பாலித்தீனில் இரட்டையாகச் சுற்றுவதே முறை. வேலை பாதியில் இருக்கும்போது கண்டுபிடித்தால் அந்த மாடி முழுக்க நிற்கும். நின்ற நாளுக்கும் ஒப்பந்ததாரர் பணம் கேட்பார்.

ஆறாம் படி: புதுப்பிப்பை நெடுக்காகப் பிரிப்பது

புதியவர்கள் மாடிவாரியாகத் திட்டமிடுவார்கள்: இந்த விடுமுறை முதல் மாடி, அடுத்ததில் இரண்டாம் மாடி. படுக்கை எண்ண வசதிதான். ஆனால் கழிவுக்குழாய் மேலிருந்து கீழே இறங்குகிறது. முதல் மாடியில் குழாயைக் கழற்றினால் மேல் மாடிகளின் கழிவறைகளையும் மூடித்தான் ஆக வேண்டும். ஆகவே குழாய்த் தண்டுவாரியாகப் பிரியுங்கள். ஒரு டக்ட்டில் (குழாய்கள் மேலிருந்து கீழே இறங்கும் செங்குத்துப் பாதை) இணையும் எல்லா மாடிக் கழிவறைகளையும் ஒன்றாக மூடி, ஒன்றாகத் திறக்க வேண்டும். டக்ட்டுக்கு ஒவ்வொரு மாடியிலும் ஆள் கை நுழைத்து வேலை பார்க்கும் அளவுக்குக் கதவு வையுங்கள். ஓடு ஒட்டி மூடிவிட்டால் அடுத்த ஒழுகலுக்கு மறுபடி சுவரைத்தான் உடைக்க வேண்டும்.

கழிவறைத் தரையில் ஓடு போடும் முன் நீர்க்காப்புப் பூச்சைச் சுவரில் 300 மி.மீ. உயரமும், குளிக்கும் இடத்தில் 1,800 மி.மீ. உயரமும் ஏற்றுங்கள். வடிகால் வாயை அடைத்து 50 மி.மீ. தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் விட்டுக் கீழ்மாடி சீலிங்கைப் பாருங்கள். ஓடு ஒட்டிய பிறகு மறுபடி ஒருமுறை. ஒழுகினால் பெரும்பாலும் குழாய் ஸ்லாபைத் துளைக்கும் இடத்தில்தான் ஒழுகும். சதுரமாக வெட்டிய ஓட்டையைச் சாதாரண கலவையால் அடைத்திருப்பார்கள். சுருங்காத கலவையால் நிரப்பி, குழாயைச் சுற்றிப் பூச்சை ஏற்ற வேண்டும்.

பெயர்ந்த கான்கிரீட்டை ஒட்டும்போது தெரியும் கம்பியின் மேல்பாதியை மட்டும் சுரண்டிப் பூசுவது வீண்வேலை. முட்டுக்கொடுத்துவிட்டு, கம்பியின் பின்பக்கமும் ஏறக்குறைய 20 மி.மீ. காலியாகும்வரை வெட்டி, துருவை முழுதும் நீக்கி, காப்புப் பூசி, பாலிமர் கலவையால் நிரப்புங்கள். இப்படிச் செய்தாலும் சில ஆண்டுகளில் ஒட்டுக்குப் பக்கத்திலேயே புதிதாகத் துரு கிளம்பலாம். பழைய கான்கிரீட்டில் உப்போ காரமிழப்போ மிச்சமிருந்தால், ஒட்டு போட்ட இடம் காக்கப்பட்டு, அரிப்பு ஓரத்துக்கு நகர்கிறது. சோதனையில் கெட்டதாகத் தெரிந்த பகுதி முழுவதையும் வெட்டி எடுக்கச் சொல்வது அதனால்தான்.

மின்சாரத்தில் சுமையைப் புதிதாகக் கணக்கிடுங்கள். ஒரு விசிறி, ஒரு விளக்கு என்று வயரிங் செய்த அறைக்கு 200 வாட் போதுமாக இருந்தது. இன்று ஒரு கெட்டில் மட்டுமே 1,500 வாட்டுக்கு மேல் இழுக்கும். இரண்டு கிலோவாட் வீதம் 50 அறை என்றால் 100 கிலோவாட்; எல்லாரும் ஒரே நேரத்தில் போடுவதில்லை என்று பாதியாகக் குறைத்தாலும் பழைய தேவையின் ஐந்து மடங்கு. அறை வயரை மட்டும் மாற்றிவிட்டு மாடிக்கு ஏறும் முதன்மைக் கேபிளை விட்டுவிட்டால் அதுதான் சூடேறும். ஒவ்வொரு அறைச் சுற்றுக்கும் 30 மில்லி ஆம்ப் கசிவுத் துண்டிப்பான் (மின்கசிவு ஏற்பட்டால் தானே மின்சாரத்தை நிறுத்தும் கருவி) வையுங்கள். கெட்டிலைத் தடை செய்து சுற்றறிக்கை விடுவதைவிட மாடிக்கு ஒரு பொதுச் சமையல் மேடை கொடுப்பது நன்றாக வேலை செய்யும்.

எல்லாவற்றுக்கும் முன் ஒரே ஓர் அறையை முழுசாக முடித்துக் கட்டிலும் மேசையும் போட்டுப் பாருங்கள். அலமாரிக்குப் பின்னால் போன சுவிட்ச், கட்டிலில் இடிக்கும் கதவு, தலைமாட்டில் பிளக் இல்லாமை எல்லாம் அங்கே தெரிந்துவிடும். நூறு அறையில் திருத்துவதைவிட ஓர் அறையில் திருத்துவது மலிவு.

ஆள் இருக்கும்போது வேலை நடந்தால்

தூசி புகையுணரிகளைத் தூண்டும். பொய் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். தொழிலாளர்கள் உணரியின் மேல் பிளாஸ்டிக் மூடியைப் போட்டுவிட்டு மாலையில் எடுக்க மறப்பார்கள். இரண்டுமே ஆபத்து. 2000 ஜனவரியில் அமெரிக்காவின் சீட்டன் ஹால் பல்கலைக்கழக விடுதித் தீயில் மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் பொய் அலாரம் பலமுறை அடித்திருந்ததால், அன்று அடித்ததைப் பலர் முதலில் பொருட்படுத்தவில்லை. கட்டடத்தில் நீர்த்தெளிப்பான்களும் இல்லை. அதே ஆண்டில் நியூ ஜெர்சி மாநிலம் மாணவர் விடுதிகளில் தெளிப்பான்களைக் கட்டாயமாக்கிச் சட்டம் கொண்டுவந்தது.

எத்தனை உணரி மூடப்பட்டது, எத்தனை திறக்கப்பட்டது என்று எண் போட்ட பலகை ஒன்றை வார்டன் அறையில் மாட்டி, தினமும் மாலை கையெழுத்து வாங்குங்கள். வெல்டிங், கட்டிங் செய்ய அன்றன்றைக்கு அனுமதிச் சீட்டு. வேலை முடிந்தபின் குறைந்தது ஒரு மணி நேரம் அங்கே ஓர் ஆள் காவல். வேலை நடக்கும் பகுதிக்கும் மாணவர் பகுதிக்கும் இடையே துணித்திரை போதாது. தீத்தடுப்புப் பலகைச் சுவர் வேண்டும். அந்தச் சுவர் அவசரப் படிக்கட்டை அடைத்துவிடாதபடி பாருங்கள். இது நடக்கும், அடிக்கடி நடக்கும்.

இடிப்பு

இடிப்பில் முதல் வேலை துண்டிப்பு. மின்சாரம், தண்ணீர், எரிவாயு, சாக்கடை, இணையம் ஒவ்வொன்றுக்கும் துண்டித்தாயிற்று என்று எழுத்தில் வாங்குங்கள். வளாகத்தில் ஒன்றையொன்று நம்பியிருக்கும் கட்டடங்கள் அதிகம்: இடிக்கப்போகும் பிளாக்கின் பேனல் அறையிலிருந்து பக்கத்து மெஸ்ஸுக்கு மின்சாரம் போகும், நூலகத்தின் இணையக் கேபிள் அதன் தரைக்கடியில் ஓடும். இடிப்புக்கு ஒரு மாதம் முன்பு ஒரு விடுமுறை நாளில் எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்தால் எங்கெங்கே இருட்டாகிறது என்று தெரிந்துவிடும். மலக்குழியை முதலிலேயே வண்டி வைத்து உறிஞ்சிக் காலி செய்யுங்கள். ஆளை உள்ளே இறக்கக்கூடாது. அதிலுள்ள வாயு சில மூச்சுகளில் உயிரை எடுக்கும்.

பிறகு கதவு, சன்னல், வயர், குழாய் எல்லாம் கையால் கழற்றப்படும். பக்கத்து பிளாக்கோடு இணைக்கும் நடைபாலம் இருந்தால், பெரிய இயந்திரம் வரும் முன் அதை ரம்பத்தால் அறுத்துப் பிரித்துவிடுங்கள். பக்கத்துக் கட்டடச் சுவர்களின் விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்து வைப்பதும் இப்போதுதான்.

கட்டடத்தைக் கட்டிய வரிசைக்கு நேர் எதிராக, மேலிருந்து கீழாக இடிக்க வேண்டும். இங்கே இரண்டு ஆபத்துகள் எல்லாவற்றையும்விடப் பெரியவை.

ஒன்று, இடிபாட்டின் எடை. விடுதி அறை ஸ்லாப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்குக் கணக்கிடப்பட்டது. உடைந்த கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1,500 கிலோ. அதாவது 15 செ.மீ. உயரம் சேர்ந்தாலே 225 கிலோ. கணுக்கால் அளவுக் குப்பைக்கே ஸ்லாபின் கணக்கு முடிந்துவிட்டது. மேல் ஸ்லாபை உடைத்து அதன் குப்பையைக் கீழ் ஸ்லாபில் குவியவிட்டால் அது இறங்கும், அதன் எடையில் அடுத்ததும் இறங்கும். உடைக்க உடைக்க இறக்க வேண்டும். சின்ன எக்ஸ்கவேட்டரை மேலே ஏற்றினால் கீழ் மாடிகளில் எத்தனை அடுக்கு முட்டு என்பதைப் பொறியாளர் எழுதித் தர வேண்டும். லிஃப்ட் குழி வழியே குப்பையைக் கொட்டுவதும் வழக்கம். ஆனால் அடியில் தேங்கவிட்டால் அது குழியின் சுவரைப் பக்கவாட்டில் தள்ளும்.

இன்னொன்று, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியும் சன்னல் மேல் சன்ஷேடும். பழைய கட்டடத்தில் அவற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது பல நேரம் உள்பக்கம் மேலே நிற்கும் சுவரின் எடைதான். சுவரை முதலில் எடுத்தால் பால்கனி ஆளோடு கவிழும். ஒவ்வொரு மாடியிலும் முதலில் நீட்சிகளை முட்டுக்கொடுத்து எடுங்கள், பிறகுதான் சுவர். மாடித் தொட்டியைக் காலி செய்தாயிற்றா என்றும் ஒருமுறை ஏறிப் பாருங்கள்.

தூசிக்கு உடைக்கும் இடத்திலேயே தண்ணீர் பாய்ச்ச வேண்டும். பிறகு சாலையில் தெளித்துப் பயனில்லை. லாரி போகும் வழி மாணவர் வகுப்புக்கு நடக்கும் வழியைக் குறுக்கிடாதபடி வாயிலை மாற்றுங்கள்.

இடிபாடும் மிஞ்சும் நிலமும்

கான்கிரீட் கட்டடம் தரைப்பரப்பில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 முதல் 1.5 டன் இடிபாடு தரும். 3,000 சதுர மீட்டர் விடுதி என்றால் 3,000 முதல் 4,500 டன். பத்து டன் லாரியில் 300 முதல் 450 நடை. நாளுக்கு 20 நடை போனாலும் மூன்று வாரம் பிடிக்கும். இந்தக் கணக்கை வாயிற்காவலரிடமும் போக்குவரத்துப் பொறுப்பாளரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். கான்கிரீட்டைத் தனியாகப் பிரித்து நொறுக்கினால் சாலை அடித்தளத்துக்கு ஆகும். ஜிப்சம் பலகையும் மரமும் கலந்துவிட்டால் யாரும் வாங்கமாட்டார்கள். ஆகவே முன்னரே கையால் கழற்றுவது வீண்செலவு இல்லை.

பழைய இரும்பும் மரமும் யாருக்கு என்பதை டெண்டரில் எழுதுங்கள். ஒப்பந்ததாரருக்கே என்றால் விலை குறையும். கூடவே, கம்பியை முதலில் உருவி விற்கும் ஆசையும் வரும். ஸ்லாபிலிருந்து கம்பியை முன்கூட்டி எடுக்கக்கூடாது என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள்.

அஸ்திவாரத்தை எந்த ஆழம்வரை எடுப்பது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். புதுக் கட்டடம் அதே இடத்தில் வருவதாக இருந்தால் முழுதும் எடுக்க வேண்டியிருக்கும். புல்வெளி என்றால் ஒரு மீட்டர் கீழ்வரை போதலாம். குழியை 200 முதல் 300 மி.மீ. அடுக்குகளாக நிரப்பி ஒவ்வோர் அடுக்கையும் உருளையால் இறுக்குங்கள். ஒரே கொட்டாகக் கொட்டினால் முதல் மழையில் பள்ளம் விழும். மண்ணில் விட்ட அஸ்திவாரத் துண்டுகள், மூடிய குழாய் வாய்கள், துண்டித்த கேபிள் முனைகள் எல்லாவற்றையும் அளந்து ஒரே வரைபடத்தில் குறித்து, ஒரு பிரதியைப் பொறியியல் பிரிவிலும் இன்னொன்றைப் புதுக் கட்டடத்தின் டெண்டர் கோப்பிலும் வையுங்கள். அது கையில் வரும்வரை இடிப்பு ஒப்பந்ததாரரின் கடைசித் தவணையை விடுவிக்காதீர்கள்.